ரிஜெக்ட் அக்கா பொம்மை வாங்குகிறாள்

பெட்டியைக் காதோரம் வைத்து ஒரு குலுக்கு. பிறகு தலைகீழாகத் திருப்பி இன்னொரு குலுக்கு. உள்ளே ஏதோ களுக்கென்றது. "ஸ்க்ரூ ஒண்ணு கழண்டு தனியா ஓடுது" என்று சொல்லி, அக்கா அதை இடது பக்கம் நகர்த்தி வைத்தாள். இடது பக்கம் போனால் வேண்டாம் என்று அர்த்தம். அங்கே ஏற்கெனவே ஒரு தொலைநோக்கியும், தொட்டால் பேசும் பூமி உருண்டையும், ஒரு காந்தப் பெட்டியும் தண்டனை பெற்ற மாணவர்கள் மாதிரி வரிசையாக நின்றுகொண்டிருந்தன. வலது பக்கம் மேசை துடைத்துவிட்டதுபோல் காலியாக இருந்தது.

பொம்மைக் கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் தூசி இல்லை. வாயைத் திறக்காமல் இருக்க அவருக்கு ஒரு வேலை தேவைப்பட்டது. ஆனாலும் மனிதர்தானே, எவ்வளவு நேரம் பொறுப்பார்?

"அந்தத் தொலைநோக்கிக்கு என்னம்மா குறைச்சல்?"

"எதிர்க்கடை போர்டை அதுல பாருங்கண்ணே. எழுத்தைச் சுத்தி ஊதாக் கலர்ல ஒரு கரை தெரியுது. நாளைக்கு என் பொண்ணு நிலாவைப் பாத்துட்டு, நிலாவுக்கு யாரு ஊதா பார்டர் வச்சு தச்சதுன்னு கேப்பா. நீங்க வந்து பதில் சொல்வீங்களா?"

"உருண்டை? தொட்டா நாட்டோட பேரைச் சொல்லுது, பாட்டுப் பாடுது..."

"அதான் பிரச்சனை. அவ இன்னும் எதுவும் கேக்கவே இல்ல, அதுக்குள்ள பதில் சொல்லுது. கேக்கறதுக்கு முன்னாடியே பதில் சொல்ற ஆளு எங்க வீட்டுல ஏற்கெனவே ஒருத்தர் இருக்கார். இன்னொண்ணு தாங்காது."

"காந்தமாவது..."

"பொடிப்பொடியா இருக்கு. வாயில போட்டா?"

"ஆறு வயசுப் பிள்ளை காந்தத்தை வாயில போடுமாம்மா?"

"மத்த பிள்ளைங்க போடாது. என் பொண்ணு போடுவா. வயித்துக்குள்ள இரும்பு இருக்கா இல்லையான்னு பாக்கறதுக்காகப் போடுவா."

இதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைக் கடைக்காரர் கவனித்தார். மகளைக் குறை சொல்கிற மாதிரி பெருமை அடித்துக்கொள்வதில் அவளுக்கு ஈடு கிடையாது.

அக்கா மேசை மின்விசிறி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். எல்லாரும் அவரவர் பங்கைப் பூட்டி, முறுக்கி, துடைத்து அனுப்பிய பிறகு மின்விசிறி கடைசியாக வந்து நிற்பது அவள் எதிரில்தான். சுவிட்சைப் போடுவாள். சுற்ற விடுவாள். ஒரு விரலை அதன் பாதத்தில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்ப்பாள். பார்ப்பவர்களுக்கு அவள் வீட்டு நினைப்பில் இருப்பதுபோல் தோன்றும். திடீரென்று, "ரிஜெக்ட்" என்பாள். ஏன் என்று கேட்டால், "ஆடுது" என்பாள். நாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் அது ஆடுவது தெரியாது. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஏதோ ஒரு வளையம் ஒரு மயிரிழை கோணலாக உட்கார்ந்திருக்கும்.

அவள் விட்டு வெளியே போன மின்விசிறி புகாரோடு திரும்பி வந்தது என்ற பேச்சே அங்கே இல்லை. மேற்பார்வையாளர் ஒருமுறை, "சின்னச் சத்தம்தானேம்மா, விட்டுடுங்களேன்" என்று கெஞ்சிப் பார்த்தார். "சின்னச் சத்தத்துக்கு யாரும் திருப்பிக் கொண்டுவர மாட்டாங்க சார். தூங்க முடியாம நம்மளைத் திட்டிட்டுப் படுத்திருப்பாங்க. எனக்குத் திட்டு வாங்க நேரமில்ல" என்றாள். அவர் அதற்குப் பிறகு கெஞ்சுவதை விட்டுவிட்டார். உடன் வேலை பார்க்கும் பெண்கள் வைத்த பெயர்தான் ரிஜெக்ட் அக்கா. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். ஒருநாள் அவள் காதில் விழுந்துவிட்டது. எல்லாரும் நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்க, அவளோ, "பேர் நல்லாத்தான் இருக்கு, முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு அடுத்த மின்விசிறியைப் போட்டாள்.

வேலை முடிந்து வெளியே வந்தால் மற்றவர்களுக்குக் கை ஓயும். அக்காவுக்குக் கண் ஓயாது. தேநீர்க் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்து விளிம்பைச் சுற்றிப் பார்த்த பிறகுதான் குடிப்பாள். துணி எடுக்கப் போனால் கடை விரித்துக் காட்டுகிற பக்கத்தை விட்டுவிட்டு மடித்து வைத்த பக்கத்தை இழுத்துப் பார்ப்பாள். கணவர் பேருந்து ஓட்டுநர். அவருடைய பேருந்தில் ஏறினால் உட்காருவதற்கு முன்பே, "ஏங்க, பின் கதவு இழுத்து மூடுறப்ப அழுவுது, பாக்கச் சொல்லுங்க" என்று அத்தனை பயணிகளுக்கும் கேட்கச் சொல்வாள். அந்த மனிதர் கண்ணாடியில் அவளைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார்.

"எல்லாத்தையும் வேண்டாம் வேண்டாம்ங்கறியே, என்னை மட்டும் எப்படி பாஸ் பண்ணின?" என்று அவர் கேட்பதுண்டு.

"நீங்க பொண்ணு பாக்க வந்தன்னிக்குக் கரண்ட் இல்ல. வெளிச்சம் பத்தல" என்பாள் சட்டென்று. இருவரும் சிரிப்பார்கள். இந்தக் கேள்வியும் பதிலும் அந்த வீட்டில் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இருவருக்கும் இன்னும் அலுக்கவில்லை.

இந்த இருவருக்கும் பிறந்தவள் வக்கீலம்மா. அப்பா வைத்த செல்லப் பெயர். பேச ஆரம்பித்த நாளிலிருந்து குறுக்கு விசாரணைதான். தண்ணிக்கு ஏன் கைப்பிடி இல்லை? தூக்கம் வருது வருதுங்கறீங்களே, அது வர்றதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சு? நிழல் தரையில விழறப்ப ஏன் சத்தம் கேக்கல? அப்பா எதையாவது சொல்லிச் சமாளிப்பார். சமாளிப்பு செல்லாது. "அப்பா, நீ இப்ப கண்டுபிடிச்சு சொல்ற" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள்.

அக்கா அந்தக் கேள்விகளை ஒன்று சிந்தாமல் தொழிற்சாலைக்கு எடுத்துப் போவாள். காலையில் மின்விசிறிகள் ஓட ஆரம்பிப்பதற்கு முன்பு, "இன்னிக்கு என்ன கேட்டா?" என்று பெண்கள் கூடிவிடுவார்கள். அவள் சொல்லச் சொல்ல அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "இந்த வயசுல என் பையன் செருப்பை இடம் வலம் மாத்திப் போட்டுட்டுத் திரிஞ்சான்" என்று யாராவது சொன்னால் அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிடும். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, சும்மா வாய்" என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்வாள். அன்று முழுவதும் அவள் நடையே வேறாக இருக்கும்.

இப்படிப்பட்டவளுக்கு அறிவியல் பொம்மை வாங்கித் தர வேண்டாமா? போன ஆண்டு வாங்கினாள். எரிமலை. மலையைப் பொருத்தி, குழியில் பொடியைப் போட்டு, பாட்டில் திரவத்தை ஊற்றினால் சிவப்பு நுரை பொங்கி வழியும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. எழுதியிருந்தால் ஆயிற்றா? சோதித்துப் பார்க்காத பொருளை அக்கா தன் மகள் கையில் கொடுப்பாளா? குழந்தை பள்ளிக்கூடம் போன நேரத்தில் சமையலறை மேடையில் வைத்துப் பெட்டியில் சொன்னபடி அட்சரம் பிசகாமல் செய்தாள். எரிமலை பொங்கியது. நிறம் சரி. உயரம் சரி. வழிந்த பாதைகூடப் படத்தில் உள்ளபடியே இருந்தது. திருப்தியோடு துடைத்து எடுத்து வைக்கும்போதுதான் பார்த்தாள், பொடி ஒரே ஒரு பொட்டலம்தான். இன்னொரு முறைக்கு இல்லை.

மாலையில் வக்கீலம்மா பெட்டியைத் திறந்தாள். உள்ளே மலை மட்டும் இருந்தது. "இது எப்பம்மா பொங்கும்?" என்று கேட்டாள்.

"காலைல பொங்கிடுச்சுடா. சூப்பரா பொங்குச்சு."

குழந்தை மலையின் குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தது. கொஞ்சம் ஈரம் மிச்சம் இருந்தது. "நல்லா பண்ணியிருக்கம்மா" என்று அம்மாவைப் பாராட்டிவிட்டுப் போய்விட்டது. கணவர் அந்தப் பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அன்று அவருக்குச் சாப்பாடு தட்டில் கொஞ்சம் சத்தமாகவே வந்து விழுந்தது.

அது சிரித்து மறக்கிற விஷயம். அடுத்தது அப்படி இல்லை.

சில வாரங்களுக்கு முன் ஒரு விடுமுறை நாள். வக்கீலம்மா காலையிலிருந்து கூடத்தின் மூலையில் உட்கார்ந்து அட்டையும் ஐஸ் குச்சியும் பசையுமாக ஒரு பாலம் கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே தொங்க விட வேண்டும், அதன்மேல் அப்பாவின் பேருந்து போக வேண்டும். அப்பாவின் பேருந்து என்பது ஒரு தீப்பெட்டி. கூப்பிட்டாலும் வரவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கடைசியில் பாலம் நின்றது. ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நின்றது, ஆனால் நின்றது.

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சத்தியமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்த்தது. பிறகு பாலத்தைப் பார்த்தது. தானே அதைத் தூக்கி இரண்டாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வந்தது.

"ஏண்டா தூக்கிப் போட்ட?"

"ரிஜெக்ட்மா. நானே பாத்துட்டேன்."

அழவில்லை, கோபப்படவில்லை. வேலையை முடித்த ஆள் மாதிரி சொன்னது. தொழிற்சாலையில் எத்தனையோ முறை சொன்ன சொல், பெருமையாகச் சொன்ன சொல், ஆறு வயதுக் குழந்தையின் வாயிலிருந்து அதன் கைவேலையைப் பற்றியே வந்தபோது அக்காவுக்குக் கேட்கச் சகிக்கவில்லை. கூடைக்குள் கையை விட்டுப் பாலத்தை எடுத்து நிமிர்த்திப் பார்த்தாள். ஒட்டவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் ஏதோ குறைந்தது. என்னவென்று கணவருக்கு முதலில் புரியவில்லை. பேருந்தை நிறுத்திவிட்டு வந்தால் காதுக்கு இதமாக இருக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தார். இரண்டு மூன்று நாள் கழித்து அவரே கேட்டார்: "வக்கீலம்மா ஏன் இப்பல்லாம் கேஸே எடுக்கறதில்ல?" படம் வரைந்தால் தாளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். எதைத் தொடுவதற்கு முன்பும், "தப்பாயிடுமாம்மா?" என்றாள். தொழிற்சாலையில் பெண்கள், "இன்னிக்கு என்ன கேட்டா?" என்று கேட்டபோது அக்கா பழைய கேள்வி ஒன்றைப் புதிதுபோலச் சொல்லி ஒப்பேற்றினாள். வாழ்க்கையில் முதல்முறையாக மட்டமான சரக்கை வெளியே அனுப்பியதுபோல் கூசியது.

"என் கண்ணு இப்படி இருக்கே, இதை நான் எங்க கழட்டி வைக்கறது?" என்று ஒரு நாள் காலையில் கணவரிடம் கேட்டாள்.

அவர் காலணிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். "கழட்டினா உன்னை எனக்கு அடையாளமே தெரியாதே" என்றார். பிறகு நிமிர்ந்து, "அவ உன்னை மாதிரியே ஆகணும்னு பாக்கறா. அதுல தப்பில்ல. ஆனா நீ இப்படி ஆனது பெரியவ ஆனப்புறம்தானே" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். வழக்கமாகக் கேட்பதற்கு முன்பே பதில் சொல்கிற ஆள், அன்று கேட்ட பிறகு சொன்னார்.

அதனால்தான் இன்று அக்கா கடைக்கு வந்திருக்கிறாள். வந்து, கை பழக்கத்தில் நாலு பெட்டியைக் குலுக்கி நாலையும் தள்ளிவிட்டாள். கடைக்காரர் பெருமூச்சு விட்டு, "சரிம்மா, என்ன வேணும்னு நீங்களே சொல்லுங்க. நான் எடுத்துட்டு வர்றேன்" என்றார்.

வேண்டாதது என்னவென்று அக்காவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். வேண்டியது என்னவென்று யாரும் அவளைக் கேட்டதில்லை. கல்லா மேசையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே நின்றாள்.

"தப்பா செஞ்சாலும் ஏதாவது ஒண்ணு நடக்கணும்ணே" என்றாள் கடைசியில். "சரியா செஞ்சா மட்டும் வேலை செய்யற சாமான் வேண்டாம். அந்த மாதிரி ஏதாவது இருக்கா?"

கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். இத்தனை ஆண்டு வியாபாரத்தில் நன்றாக ஓடுமா, உடையாமல் இருக்குமா, படிப்புக்கு உதவுமா என்று கேட்டவர்களைத்தான் அவருக்குத் தெரியும். ஏணியை எடுத்துப் போட்டு மேல் தட்டில் ஏறினார். அங்கிருந்து எடுத்த பெட்டியைத் தன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு இறங்கினார்.

"இதுக்குப் பேரு மின்சாரப் பெட்டி. டார்ச் பேட்டரிதான், ஷாக்கெல்லாம் அடிக்காது. பேட்டரியைப் போட்டு மூடியை ஸ்க்ரூ வச்சு மூடிடலாம். பல்பு இருக்கு, கூவற மணி இருக்கு, சுத்தற மோட்டார் இருக்கு. ஒயரெல்லாம் சட்டையில வர்ற டிச்சு பட்டன் மாதிரி அழுத்தினா ஒட்டிக்கும். எதுல எதை வேணாலும் மாட்டலாம். புத்தகம் ஒண்ணு இருக்கு, படம் பாத்து மாட்டலாம். பாக்காமலும் மாட்டலாம்."

"தப்பா மாட்டினா கெட்டுடுமா?"

"கெட்டுடுச்சுன்னு நீங்க திருப்பிக் கொண்டுவந்தாதான் உண்டு. பசங்க யாரும் இதுவரைக்கும் கொண்டுவரல."

அக்கா பெட்டியை வாங்கினாள். கை தானாகக் காதோரம் போயிற்று. கடைக்காரர் பழக்கத்தில் இழுப்பறையைத் திறந்து, பெட்டியின் ஒட்டுத்தாளைக் கிழிக்கிற சின்னக் கத்தியை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். வேறு எந்த வாடிக்கையாளரையும் அவர் பிரித்துப் பார்க்க விடுவதில்லை. இவளை விடாவிட்டால் அதற்கு ஆகும் வாக்குவாதத்தில் இரண்டு வியாபாரம் போய்விடும்.

அவள் கத்தியை வாங்கினாள். ஒட்டுத்தாளின் ஓரத்தில் வைத்தாள். உள்ளே மோட்டார் எப்படி இருக்கிறதோ, ஒயர் பிரிந்திருக்கிறதோ, பல்பு எரியுமோ எரியாதோ! அவள் நெற்றியில் ஒரு நரம்பு புடைத்தது. பிறகு கத்தியை மேசைமேல் வைத்துவிட்டாள்.

"பிரிக்க வேண்டாம். அப்படியே கட்டிக் குடுங்க."

"உடம்புக்கு ஏதாவது சரியில்லையாம்மா?" என்றார் கடைக்காரர். கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே பதறிக் கேட்டார்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பேருந்தில் பெட்டி மடியில் இருந்தது. ஒட்டுத்தாளின் ஒரு முனை லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. அதைப் பிய்க்கத் துடித்த கட்டை விரலை மற்ற நான்கு விரல்களும் சேர்ந்து பிடித்து வைத்திருந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி, "குழந்தைக்கா?" என்று கேட்டார். "ஆமா. எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாது" என்று அக்கா பதில் சொன்னாள். சொல்லும்போதே பயமாக இருந்தது. கொஞ்சம் கௌரவமாகவும் இருந்தது.

மாலை வெளிச்சம் சன்னலில் இருக்கும்போதே வக்கீலம்மா பெட்டியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துச் சுற்றி வந்தாள். ஒட்டுத்தாளைப் பார்த்ததும் அவள் நின்றுவிட்டாள்.

"நீ இன்னும் டெஸ்ட் பண்ணலயாம்மா?"

"இல்ல."

"பண்ணவே இல்லயா?"

"நீதான் பண்ணணும். எனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாது."

குழந்தை நம்பவில்லை. பெட்டியைக் காதோரம் வைத்து ஒருமுறை குலுக்கியது. கணவர் இருமிச் சிரிப்பை மறைத்தார்.

பேட்டரி மூடியின் ஸ்க்ரூவை அப்பா முடுக்கிக் கொடுத்தார். அதோடு அவருக்கு வேலை முடிந்தது. வக்கீலம்மா எல்லாவற்றையும் வெளியே எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தாள். வைத்த அழகைப் பார்த்தால் தொழிற்சாலையிலேயே வேலைக்குச் சேர்த்துக்கொள்வார்கள். ஒவ்வொன்றையும் எடுக்கும்போதும் ஓரக்கண்ணால் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. தன்னைச் சோதித்துப் பார்க்க ஒருத்தி இத்தனை நாளாக வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறாள். மயிரிழைக் கோணலும் அவள் கண்ணுக்குத் தப்பியிருக்காது. யார் பெண்? அந்த நேரத்திலும் அக்காவுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை துளிர்க்கத்தான் செய்தது.

முகத்தை வைத்துக்கொள்ள இடம் தெரியாமல் அவள் துவைத்த துணிகளை எடுத்து வந்து மடிக்க உட்கார்ந்தாள். ஒரே சட்டையை இரண்டு முறை மடித்தாள்.

பல்பு எரிந்தது. மணி கூவியது. கூவிய கூவலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. வக்கீலம்மா புத்தகத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு மோட்டாரைக் கையில் எடுத்தாள். அதன் முனையில் மூன்று இதழ் வைத்த சின்ன விசிறியைச் செருகினாள்.

"அம்மா, துணியை வச்சுட்டு இங்க எதிர்ல வந்து உக்காரு. இது உங்க ஃபாக்டரி ஃபேன். உனக்குக் காத்து வரப்போவுது."

அக்கா எதிரே வந்து உட்கார்ந்தாள். குழந்தை விசிறியின் முகத்தை அம்மாவின் பக்கம் திருப்பி வைத்தது. ஒயர்களை அழுத்தியது. சுவிட்சைத் தள்ளியது. ஒன்றும் நடக்கவில்லை. ஒரு ஒயரின் பட்டன் பாதிதான் உட்கார்ந்திருந்தது. அது அக்காவுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. தெரியாமல் இருக்குமா? கை மேசைமேல் எழுந்தது. எழுந்த கையைக் கொண்டுபோய்த் தன் காது மடலைச் சொறிந்துகொண்டாள்.

குழந்தை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தது.

"என்ன ஆச்சு?" என்று அக்கா கேட்டாள்.

அந்த வீட்டில் அவள் அப்படி ஒரு கேள்வி கேட்டு யாரும் கேட்டதில்லை. என்ன ஆயிற்று என்பது அவளுக்கு எப்போதுமே முன்கூட்டியே தெரிந்திருக்கும். கணவர் கையிலிருந்த கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"தெரியலயே. இரு, பாக்கறேன்." குழந்தை எல்லா ஒயரையும் பிடுங்கியது. திரும்ப மாட்டியது. இந்த முறை நாக்கைக் கடித்துக்கொண்டு கட்டை விரலால் ஒவ்வொன்றையும் நன்றாக அழுத்தியது. பிடுங்கி மாட்டியதில் பேட்டரிப் பெட்டி திசை மாறித் திரும்பிவிட்டது. சுவிட்சைத் தள்ளியது.

விசிறி விர்ரென்று சுற்றியது. குழந்தை வாயெல்லாம் பல்லாக அம்மாவைப் பார்த்தது.

அக்காவின் முகத்தில் காற்று படவில்லை. கன்னத்தோரத்து முடி ஒன்றுகூட அசையவில்லை. பேட்டரி மாறித் திரும்பியதால் விசிறி எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது, காற்றைப் பின்னால் தள்ளுகிறது. தொழிற்சாலையில் இப்படி ஒன்று வந்து நின்றால் அக்கா விரல்கூட வைத்துப் பார்க்க மாட்டாள். தூரத்திலிருந்தே தள்ளிவிடுவாள். அங்கே நேற்று சேர்ந்த ஆள்கூட அதைத் தள்ளிவிடுவார்.

மேசைக்கு அந்தப் பக்கம் குழந்தையின் முன்முடி பறந்துகொண்டிருந்தது. அது கையை விசிறிக்கு முன்னால் நீட்டிப் பார்த்தது. பிறகு பின்னால் நீட்டிப் பார்த்தது. சிரிப்பு மெல்லக் குறைந்தது.

"அம்மா, காத்து உன் பக்கம் வரல" என்றாள் வக்கீலம்மா. "ஏன் என் பக்கம் வருது?" குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. சின்ன விரல் சுவிட்சை நோக்கி நகர்ந்தது.

"அணைக்காத, இரு" என்றாள் அக்கா. தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, காற்று வந்த பக்கம் மகளை ஒட்டிப் போட்டு உட்கார்ந்து, அந்த விசிறிக்கு முகத்தைக் காட்டினாள்.